கைக்கு முன்னே காது

கண்டியில் பிரத்தியேக வகுப்புகளுக்குக் குறைவில்லை. சனிக்கிழமை காலையில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, மடவளை, கம்பளை என்று நாலா பக்கமும் இருந்து வரும் பஸ்களிலிருந்து புத்தகப் பையோடு இறங்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஏதோ ஒரு வகுப்புக்குத்தான் போகிறார்கள். அந்த வகுப்புகளைத் தெரிவுசெய்யும்போது நம் பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அந்த சேரிட்ட படிச்சு எத்தன பேர் பாஸ்?" கேள்வி நியாயமானது. காசு கொடுப்பவர்களுக்கு அதன் பலனைக் கேட்கும் உரிமை உண்டு.

நான் நான்கு வருடங்களாகப் போய்வரும் ஒரு வகுப்புக்கு அந்தக் கேள்வியைப் பொருத்திப் பார்த்தால் பதில் கிடைக்காது. அது கிட்டார் வகுப்பு. அங்கே இதுவரை எனக்கு ஒரு சான்றிதழும் கிடைக்கவில்லை. ஆனாலும் நான் படித்த வகுப்புகளில் எது எனக்குப் "படிப்பது எப்படி" என்று சொல்லித் தந்தது என யாராவது கேட்டால், இந்த வகுப்பைத்தான் முதலில் சொல்வேன். அந்த ஆசிரியை கற்பிக்கும் முறையைத் தோழியரும் பெற்றோரும் அறிந்துகொள்வது பயனுள்ளது என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எவருக்கும் வாத்தியம் வாசிக்கத் தெரியாது. வாப்பா கண்டி நகரத்தில் பீங்கான் கடை வைத்திருக்கிறார். ஏ.ஈ. மனோகரனின் பைலாப் பாட்டுகளை முணுமுணுப்பார். அவ்வளவுதான் எங்கள் குடும்பத்தின் சங்கீதம். சாச்சா வெளிநாடு போகும்போது தன்னுடைய பழைய நைலோன் தந்திக் கிட்டாரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அலுமாரிக்குப் பின்னால் கிடந்த அதைத் தரம் 9இல் படிக்கும்போது நான் வெளியே எடுத்தேன். பழகவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வாப்பும்மாவுக்கு அது பிடிக்கவில்லை. இசையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே நீண்ட காலமாகவே வேறுபட்ட கருத்துகள் உண்டு என்பதை நாம் எல்லோரும் அறிவோம். இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் செவிமடுத்தல் என்ற விடயத்துக்கென்றே தனியொரு பகுதி ஒதுக்கும் அளவுக்கு அது ஆராயப்பட்ட கேள்வி. அதற்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இந்தக் கட்டுரையின் நோக்கமும் அதுவல்ல. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். வாப்பா, உம்மா, வாப்பும்மா மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். மேடை ஏறக்கூடாது, பாங்கு சொல்லும் நேரமும் தொழுகை நேரமும் அதைத் தொடக்கூடாது, றமழான் முழுவதும் அது பைக்குள் இருக்கவேண்டும், ஓதலும் பாடமும் பின்தங்கினால் அன்றோடு நிறுத்தவேண்டும், படிப்பிப்பவர் பெண்ணாக இருக்கவேண்டும். இந்த ஐந்து நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. வாப்பும்மா கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்: "நான் இன்னும் விருப்பமில்ல புள்ள. ஆனா நீ மறைச்சுச் செய்யாமக் கேட்டுச் செய்யிறாய்."

உம்மாவின் சிநேகிதி ஒருவர் மூலம் மிஸ் அறிமுகமானார். அம்பிட்டிய வீதியில், படிகள் ஏறிப் போகவேண்டிய ஒரு பழைய வீடு. மிஸ் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர்; எழுபது வயதைத் தாண்டியவர். முன்பு பாடசாலையொன்றில் மேலைத்தேய இசை படிப்பித்திருக்கிறார். ஆங்கிலம், சிங்களம், கொஞ்சம் தமிழ் மூன்றையும் கலந்து பேசுவார். எங்களை "துவ" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய விரல்களை முதல் நாளே கவனித்தேன். மூட்டுவாதத்தால் கணுக்கள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. கிட்டார் படிப்பிக்கும் மிஸ்ஸால் கிட்டார் வாசிக்க முடியாது. ஒரு தந்தியை மெல்லத் தட்டுவார்; அதற்கு மேல் கை வராது.

முதல் மூன்று வகுப்புகளில் எனது கிட்டாரைப் பையிலிருந்து எடுக்கவே விடவில்லை. மிஸ் ஒரு கண்ணாடிக் குவளையைக் கரண்டியால் தட்டுவார். அந்தச் சத்தத்தை நான் வாயால் பிடித்துச் சொல்லவேண்டும். பிறகு குவளையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தட்டுவார். "ஏறியதா, இறங்கியதா?" என்று கேட்பார். அடுத்தது கைதட்டல். வீட்டு வாசற் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே நாலுக்கு நாலு, மூன்றுக்கு மூன்று என்று தட்டவேண்டும். கால் ஒரு கணக்கிலும் கை இன்னொரு கணக்கிலும் போகவேண்டும். தடுமாறும்போதெல்லாம் மிஸ் சொல்லும் இரண்டே சொற்கள் "அஹன்ன துவ." கேளுங்கள் மகள். இந்த நான்கு வருடங்களில் அந்த வீட்டில் நான் மிக அதிகமாகக் கேட்ட வாக்கியம் அதுதான்.

நான்காம் வாரம் கிட்டார் வெளியே வந்தது. அப்போதும் பாட்டு இல்லை; சுருதி சேர்ப்பது மட்டும். தொலைபேசியில் சுருதி காட்டும் செயலிகள் இருக்கின்றன. ஊசி நடுவில் வந்தால் சரி. மிஸ் அதற்கு அனுமதி தரவில்லை. அவர் தந்தது ஓர் இசைக்கவை. விஞ்ஞான ஆய்வுகூடத்தில் நாம் பார்த்த அதே இரண்டு கால் கவைதான். அதன் மீடிறன் 440 ஹேட்ஸ். முழங்காலில் தட்டி, அடியைக் கிட்டாரின் மரத்தில் வைத்தால் வீடு முழுவதும் கேட்கும். கிட்டாரின் ஐந்தாவது தந்தியைச் சும்மா மீட்டினால் 110 ஹேட்ஸ். அதே தந்தியை ஐந்தாவது ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே, அழுத்தாமல் விரலால் தொட்டு மட்டும் மீட்டினால் நான்கு மடங்கு உயர்ந்த ஒரு மெல்லிய மணி ஒலி வரும். அது 440. கவையும் தந்தியும் அங்கே சந்திக்க வேண்டும்.

சந்திக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் மிஸ் எனக்குக் கேட்கப் பழக்கினார். ஏறத்தாழ ஒரே சுருதியில் உள்ள இரண்டு ஒலிகள் சேரும்போது "வாவ்... வாவ்... வாவ்" என்று ஓர் அலை கேட்கும். பௌதிகவியலில் இதற்கு அடிப்பு என்று பெயர். ஒன்று 440, மற்றது 442 என்றால் ஒரு செக்கனில் இரண்டு அடிப்புகள். திருகாணியை மெல்லத் திருப்ப அலை மெதுவாகும். மெதுவாகி மெதுவாகி, நின்றுவிடும். அது நிற்கும் கணம் மிகவும் அழகானது. யாரும் "சரி" என்று சொல்லத் தேவையில்லை. சரி என்பதை நானே கேட்டேன். உயர்தரத்தில் அலைகள் பற்றிய அலகு வந்தபோது, தோழியர் சூத்திரமாகப் படித்ததை நான் ஏற்கெனவே காதால் படித்திருந்தேன். தந்தியின் நீளம் ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர். அதன் சரிபாதியில் பன்னிரண்டாவது ஃப்ரெட். பாதியாக்கினால் மீடிறன் இரட்டிப்பு. இவை எல்லாம் எனக்குப் பழக்கமான இடங்கள்.

ஒரு தந்தி சரியானால் மற்றவற்றை அதைக் கொண்டு சரிப்படுத்தலாம். இப்படி ஆறு தந்திகளையும் சேர்க்க ஆரம்பத்தில் எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. மழை பெய்தால் சுருதி ஒரு பக்கம் போகும். வெயில் வந்தால் இன்னொரு பக்கம் போகும். கண்டிக் காலநிலை தெரிந்ததுதானே. ஒவ்வொரு வகுப்பிலும் முதல் வேலை இதுதான். ஒரு மணித்தியால வகுப்பில் அரை மணித்தியாலம் திருகாணி திருப்பும் பிள்ளையைப் பற்றி எந்தத் தகப்பனும் கேள்வி கேட்கத்தான் செய்வார்.

எங்கள் வாப்பாவும் கேட்டார். எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் உறவில் ஒரு பிள்ளை வேறொரு வகுப்பில் சேர்ந்து, அதற்குள் முதலாம் தரப் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தது. இலங்கையில் மேலைத்தேய வாத்தியம் பழகும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு பிரித்தானியச் சபைகளின் பரீட்சைகளுக்குத் தோற்றுகிறார்கள். ஒன்று லண்டன் ட்ரினிட்டி கல்லூரி, மற்றது ஏ.பி.ஆர்.எஸ்.எம். எனப்படும் ரோயல் இசைக் கல்லூரிகளின் சபை. எட்டுத் தரங்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாம். பெருநாளைக்கு வந்த மாமி ஒருவர் எல்லோர் முன்னிலையிலும், "இவள் என்ன கிரேட்?" என்று கேட்டார். நான் "இன்னும் இல்ல மாமி" என்றேன். வாப்பாவின் முகம் சிறுத்துப்போனது. அன்று இரவு உம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது: "வாசிக்கவே ஏலாத மிஸ்ஸிட்ட அனுப்பிக்கொண்டு ஈக்கிறோம். இந்த மாசத்தோட நிப்பாட்டுவோம்."

அடுத்த சனிக்கிழமை வாப்பாவும் என்னோடு வந்தார். நிறுத்தப்போவதை நேரில் சொல்வதுதான் மரியாதை என்பது அவருடைய கொள்கை. வெறுங்கையோடு போகக்கூடாது என்று கடையிலிருந்து ஆறு தேநீர்க் கோப்பைகள் கொண்ட ஒரு பெட்டியும் கொண்டுவந்தார். மிஸ் பெட்டியை வாங்கித் திறந்தார். ஒரு கோப்பையைக் கையில் எடுத்துவிட்டுக் கேட்டார்: "முதலாளி, பெட்டிக்குள்ள ஒண்டு வெடிச்சிருந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க? கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு."

"சுண்டிப் பார்ப்பன் மிஸ். நல்லது கிண் எண்டு இழுக்கும். வெடிச்சது டொக் எண்டு நிக்கும்."

"அதைப் படிக்க எவ்வளவு காலம் எடுத்தது?"

வாப்பா கொஞ்சம் யோசித்தார். "எங்கட வாப்பாட கடையில நிண்டு... ரெண்டு வருஷம் ஈக்கும். முதல் வருஷம் அவர் என்னை விக்கவே விடல்ல. வைக்கோலப் பிரிச்சு ஒவ்வொண்டாச் சுண்டச் சொல்லுவார்."

மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "துவ, கிட்டாரை எடுங்கோ" என்றார். பிறகு வாப்பாவை நாற்காலியில் இருத்திவிட்டு ஐந்தாவது தந்தியின் திருகாணியைத் தானே கொஞ்சம் தளர்த்தினார். நான் கவையைத் தட்டிச் சரிசெய்யத் தொடங்கினேன். "வாவ்... வாவ்" என்ற அலை மெதுவாகி நின்றது. நான் தலை நிமிர்வதற்கு முன்பே வாப்பா, "இப்ப சரி" என்றார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முப்பது வருடம் கோப்பை சுண்டிய காது அது.

அன்று அவர் மிஸ்ஸிடம் கேட்ட கேள்வி வேறு: "பரீட்சைக்கு அனுப்பவே மாட்டீங்களா மிஸ்?" மிஸ் சொன்ன விளக்கத்தை நான் என் சொற்களில் தருகிறேன். ஏ.பி.ஆர்.எஸ்.எம். சபையின் நேரடிச் செயன்முறைப் பரீட்சையில் மொத்தம் 150 புள்ளிகள். மூன்று உருப்படிகளுக்குத் தலா 30; சுரவரிசைக்கு 21; பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21; காதால் கேட்டு விடையளிக்கும் பகுதிக்கு 18. சித்திக்கு 100 போதும். அதாவது காதுப் பகுதியில் ஒன்றும் தெரியாத பிள்ளையும் மூன்று உருப்படிகளை ஆறு மாதம் இடைவிடாமல் உருப்போட்டால் தப்பிவிடலாம். பரீட்சையில் பிழையில்லை, அந்த 18ஐ முதலில் படிப்பிக்காமல் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கும் அவசரத்தில்தான் பிழை. "பிள்ளை தன்னுடைய பிழையைத் தானே கேட்கத் தொடங்கட்டும். அதற்குப் பிறகு எந்தப் பரீட்சைக்கும் அனுப்புவேன். அதற்கு முன் அனுப்பினால், நான் இல்லாத இடத்தில் அவளுக்குக் கிட்டார் இல்லை" என்றார் மிஸ். வாப்பா அந்த மாதக் காசைக் கொடுத்துவிட்டு வந்தார். நிறுத்துவது பற்றி அதன் பிறகு பேச்சு வரவில்லை.

மிஸ்ஸின் முறை அவருடைய சொந்தப் பிடிவாதம் அல்ல என்பதைப் பிற்காலத்தில் வாசித்தபோது அறிந்தேன். அது மிகப் பழைய வழி. அவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது நம் வரலாற்றிலிருந்து. ஸிர்யாப் என்று அழைக்கப்பட்ட அபுல் ஹஸன் அலீ இப்னு நாஃபிஃ, பக்தாதில் இஸ்ஹாக் அல்-மவ்ஸிலியிடம் பயின்று, 822இல் ஸ்பெயினின் குர்துபா நகருக்கு வந்து சேர்ந்தவர். ஆட்சியாளர் இரண்டாம் அப்துர் ரஹ்மானின் ஆதரவில் அங்கே ஓர் இசைக் கல்விமுறையையே உருவாக்கினார். ஊத் என்னும் தந்தி வாத்தியத்துக்கு ஐந்தாவது தந்தியைச் சேர்த்தவர் அவரே என்பர். அந்த 'அல்-ஊத்' என்ற பெயரிலிருந்துதான் ஐரோப்பாவின் லூட் வாத்தியம் பெயர் பெற்றது. கிட்டார் அதற்கு நெருங்கிய உறவு. அவருடைய கற்பித்தல் முறையை வரலாற்றாசிரியர் அல்-மக்கரி பதிவு செய்திருக்கிறார். மாணவர் முதலில் தாளத்தையும் பாட்டின் சொற்களையும் பழகவேண்டும். அடுத்து மெட்டை எந்த அலங்காரமும் இல்லாமல் பழகவேண்டும். அலங்காரம் மூன்றாவதாகத்தான் வரும். ஸிர்யாபின் மகள்மாரும் இசையில் தேர்ந்தவர்கள் என்பதை நம் மாணவியர் குறித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது நம் கண்டியிலிருந்தே. எசல பெரஹெராக் காலத்தில் நகரம் முழுவதும் கேட்கும் கெட்ட பெர மேளத்தை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்த மேளத்தின் அடிப்படை ஒலிகள் நான்கு: தத், ஜித், தொங், நங். பரம்பரைக் கலைஞர்களின் வீடுகளில் பிள்ளை இவற்றை வாயால் சொல்லிப் பழகுகிறது. வாய் சொன்னதைத்தான் கை பிறகு செய்கிறது. கர்நாடக சங்கீதத்தில் மிருதங்கம் பழகுபவர்கள் சொற்கட்டைச் சொல்லிப் பழகுவதும் இதே முறையில்தான்.

மூன்றாவது ஜப்பானிலிருந்து. வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுஸுக்கி 1898இல் பிறந்து 1998இல் மறைந்தவர். ஜப்பானியப் பிள்ளைகள் எல்லோரும் கஷ்டமான ஜப்பானிய மொழியைத் தடங்கலின்றிப் பேசுகிறார்களே, அதை யார் படிப்பித்தார்கள் என்று யோசித்தார். வீட்டில் கேட்டுக் கேட்டே வந்தது. அப்படியானால் இசையையும் தாய்மொழி போலவே கேட்கவைத்துக் கற்பிக்கலாம் என்று ஒரு முறையை வகுத்தார். பெற்றோர் ஒருவர் வகுப்பில் கூடவே இருப்பதும், பழகும் உருப்படிகளை வீட்டில் தினமும் ஒலிக்கவிடுவதும், எழுத்து வாசிப்பைப் பின்னால் தொடங்குவதும் அம்முறையின் அங்கங்கள்.

இதை வாசித்தபோது எனக்கு ஓதற்பள்ளி நினைவுக்கு வந்தது. குர்ஆன் ஓதலை நான் இசையோடு சேர்த்துச் சொல்லவில்லை. அதன் கண்ணியம் தனியானது. ஆனால் கற்பிக்கும் ஒழுங்கைப் பாருங்கள். உஸ்தாத் வாயால் மொழிந்துதான் எழுத்தின் மக்ரஜ் நமக்கு வருகிறது. கிதாபைப் பார்த்து மட்டும் யாரும் தஜ்வீத் கற்பதில்லை. உஸ்தாத் ஓத, நாம் கேட்டு, திருப்பி ஓதி, அவர் திருத்தி, மீண்டும் ஓதுகிறோம். நம் சமூகத்துக்குக் காதால் கற்பது புதிய விடயமல்ல. மற்றப் பாடங்களில்தான் நாம் அதை மறந்துவிட்டோம்.

2022ஆம் வருடம் வந்தது. டீசல் இல்லை, பஸ் இல்லை. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. வாப்பாவின் கடையில் கோப்பை வாங்க ஆளில்லை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து அம்பிட்டியவுக்குப் போவது முடியாத காரியமாகிவிட்டது. வகுப்புக் காசு கொடுக்கவும் வழியில்லை என்று உம்மா தொலைபேசியில் சொன்னபோது மிஸ், "காசைப் பிறகு பார்க்கலாம். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பிள்ளையைப் பேசச் சொல்லுங்கோ" என்றார். அதன் பின் பல வாரங்கள் வகுப்பு தொலைபேசியில்தான் நடந்தது. வீடியோ கிடையாது, அவருடையது சாதாரண பொத்தான் தொலைபேசி. நான் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு வாசிப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "இரண்டாவது தந்தி கொஞ்சம் இறங்கியிருக்கு. ஐந்தாவது கட்டத்தில் அவசரப்படுகிறீங்க. ஆயெத்." ஆயெத் என்றால் மறுபடியும். பார்க்காமலே என் மணிக்கட்டு வளைந்திருப்பதைக்கூடச் சத்தத்திலிருந்து சொல்லிவிடுவார். கை வராத ஆசிரியையிடம் படிப்பதன் அர்த்தம் எனக்கு அந்த மாதங்களில் முழுமையாகப் புரிந்தது. தான் வாசித்துக் காட்ட முடியாததால், மாணவி தன்னைப் பார்த்துச் செய்யும் வழியை அவர் ஒருபோதும் தரவில்லை. கேட்டுச் செய்யும் வழி மட்டும்தான் திறந்திருந்தது.

மின்வெட்டு இரவுகளில் இஷாத் தொழுகைக்குப் பிறகு வீட்டில் செய்வதற்கு எதுவும் இல்லை. கிட்டாருக்கு மின்சாரம் தேவையில்லை. உம்மா மெழுகுவர்த்தியை மிச்சம்பிடிக்க அணைத்துவிடுவார். இருட்டில் நான் மெதுவாகப் பழகுவேன். ஓரிரவு நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாப்பும்மா அறைக்குள்ளிருந்து சத்தம் போட்டார்: "புள்ள, இண்டைக்கு அந்தத் தடிச்ச நரம்பு சரியில்ல போல ஈக்கி." தொட்டுப் பார்த்தேன். ஆறாவது தந்தி மழைக் குளிரில் உண்மையாகவே மாறியிருந்தது. ஐந்து நிபந்தனை போட்டு, இன்னும் விருப்பமில்லாத வாப்பும்மா இத்தனை மாதமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சுஸுக்கி சொன்ன வீடு எங்கள் வீட்டிலும் இருந்தது. உம்மா இருட்டில் சிரித்தார். வாப்பும்மா, "நான் கேக்கல்ல, காதுல விழுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். அவருடைய கருத்து இன்றும் மாறவில்லை. நான் அதை மதிக்கிறேன், நிபந்தனைகளையும் காப்பாற்றுகிறேன்.

மிஸ்ஸின் முறையில் இன்னும் இரண்டு விடயங்களைச் சொல்லவேண்டும். ஒன்று, பழகும் நேரம். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். ஆனால் ஒவ்வொரு நாளும். வெள்ளிக்கிழமை இரண்டு மணித்தியாலம் பழகிவிட்டுச் சனிக்கிழமை வரும் பிள்ளையை அவர் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். பிழை வராத அளவு மெதுவாகத் தொடங்கவேண்டும். பிழையோடு வேகமாகப் பழகினால் கை பிழையைத்தான் மனப்பாடம் செய்யும் என்பார். மற்றது, பயிற்சிக் கொப்பி. எத்தனை நிமிடம் பழகினோம் என்று அதில் எழுதக்கூடாது. என்ன கேட்டோம் என்று எழுதவேண்டும். "மூன்றாவது வரியில் பெருவிரல் சத்தம் அதிகம்." "கடைசிச் சுரம் முடியும் முன் கையை எடுக்கிறேன்." இப்படி. என்னிடம் இப்போது அப்படி ஆறு கொப்பிகள் இருக்கின்றன.

பழகாமல் கேட்பதற்கு மட்டுமே என்று சில உருப்படிகளும் உண்டு. ஸ்பானிய கிட்டார் மேதை பிரான்சிஸ்கோ தாரெகா இயற்றிய 'அல்ஹம்ப்ராவின் நினைவுகள்' அவற்றில் ஒன்று. கிரனாடாவில் முஸ்லிம் ஆட்சியாளர்கள் எழுப்பிய அந்த மாளிகையை நினைத்து எழுதப்பட்டது. பெருவிரல் ஒரு சுரத்தை மீட்ட, மற்ற மூன்று விரல்களும் ஒரே தந்தியை ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாகத் தொட்டுப் போகும். கிட்டாரின் ஒலி உடனே தேய்ந்துவிடுவது. ஆனால் இந்த வித்தையால் ஒலி நீரோடை போல அறுபடாமல் ஓடுவதாகக் காது நம்புகிறது. மிஸ் அதை ஒரு பழைய ஒலிநாடாவில் போடுவார். தன் வளைந்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். ஒரு காலத்தில் அவரும் அதை வாசித்திருப்பார் போலும். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான் இசைக்கலைஞராகப் போவதில்லை. உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படிக்கிறேன். ஆனால் அந்தக் கொப்பிப் பழக்கம் என்னோடு வந்துவிட்டது. கடந்தகால வினாத்தாள் ஒன்றைச் செய்து முடித்தால் எத்தனை கேள்வி செய்தேன் என்று எழுதுவதில்லை. எந்த வரியில் தடுமாறினேன் என்று எழுதுகிறேன். புள்ளித்திட்டத்தைத் திறப்பதற்கு முன் என் விடையில் அந்த "வாவ்" அலை கேட்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். வீட்டில் உம்மா "ஒண்டுமில்ல" என்று சொல்லும்போது, அது உண்மையிலேயே ஒன்றுமில்லையா, களைப்பா என்பதும் இப்போது எனக்குக் கேட்கிறது. இதையெல்லாம் எந்தச் சபையும் சான்றிதழில் எழுதித் தராது.

சென்ற மாதம் மிஸ் தானாகவே சொன்னார்: "துவ, இனிப் பரீட்சைக்குப் போகலாம்." உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகு பார்க்கலாம் மிஸ் என்றேன். வாப்பாவிடம் சொன்னபோது, ஒரு கோப்பையைத் துடைத்தபடியே, "அவசரமில்ல மகள்" என்றார். இப்போது மாமி கேட்டாலும் அவர் முகம் சிறுப்பதில்லை. "இன்னும் கிரேட் ஒண்டும் இல்ல. ஆனா சுருதி பிழைச்சா அவளுக்குத் தெரியும்" என்று அவரே பதில் சொல்கிறார்.

இசை பழக விரும்பாதவர்களுக்கும், தம் பிள்ளைகளை அனுப்ப விரும்பாத பெற்றோருக்கும் அதற்கான காரணங்கள் இருக்கும்; அவற்றை மதிக்கிறேன். ஆனால் கணிதமோ ஆங்கிலமோ தையலோ, எதற்காகப் பிள்ளையைப் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பினாலும், எத்தனை பேர் பாஸ் என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியையும் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். "நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது என் பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுபிடிப்பாளா?" அதற்கு ஆம் என்று சொல்லக்கூடிய ஆசிரியர் கிடைத்தால், படிகள் எத்தனை இருந்தாலும் ஏறிப் போங்கள். முடிந்தால் ஒரு நாள் நீங்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.